கொழுந்துச் சம்பல் விசித்திரமாம்

ஆசிரியர் ஓய்வறையில் பக்கத்து நாற்காலி டீச்சர் தன் போனை என் முன்னால் நீட்டினார். மனிதர்கள் சாப்பிட்டவற்றிலேயே மிக விசித்திரமான உணவுகள் என்று ஒரு காணொளி. எண்ணெயில் பொரித்த எட்டுக்கால் பூச்சி, புழு நெளியும் பாற்கட்டி, மண்ணில் புதைத்துக் கறுத்துப்போன முட்டை என்று ஒவ்வொன்றாக வந்தது. நானும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் பார்த்தேன். அப்புறம் ஓர் அகலமான வெள்ளைத் தட்டு வந்தது. அதன் நடுவில் குழந்தைக்கு ஊட்டும் அளவுக்குக் கொஞ்சம் பச்சைச் சம்பல். இலங்கையின் மலைத் தோட்டங்களில் தேயிலையைப் பச்சையாகவே தின்கிறார்களாம், நம்ப முடிகிறதா என்று ஒரு குரல் கேட்டுச் சிரித்தது. அது எங்கள் வீட்டுச் சாப்பாடு. அந்த எட்டுக்கால் பூச்சியையும் எங்கேயோ ஒருத்தி பசிக்குத்தானே பொரித்திருப்பாள் என்று அப்போதுதான் தோன்றியது. அவளிடம் போய் யார் கேட்டார்கள்?

நான் பிறந்து வளர்ந்தது தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில். என் அம்மாவின் அக்கா, நான் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், அந்தத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். மத்தியானம் மலையிலேயே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருத்தி வெங்காயம் கொண்டுவருவாள், இன்னொருத்தி பச்சை மிளகாய், இன்னொருத்தி எலுமிச்சை, நாங்கள் சொல்கிற தேசிக்காய். அவித்த உருளைக்கிழங்கு இருந்தால் அன்றைக்கு விருந்து. கொழுந்தை மட்டும் யாரும் வீட்டிலிருந்து கொண்டுவருவதில்லை. அவரவர் கூடையிலிருந்து இளம் தளிராக ஒரு பிடி எடுப்பார்கள். உப்புப் போட்டுக் கசக்கிப் பிழிந்தால் பாதிக் கசப்பு போய்விடும். மீதிக் கசப்பு ரொட்டிக்கு நன்றாகவே இருக்கும். பள்ளிக்கூட விடுமுறையில் நானும் அந்த வட்டத்தில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரத் தின்றிருக்கிறேன்.

அந்தப் பெண்களுக்குள் ஒரு கணக்கு இருந்தது. நிறுக்கிற வரைக்கும் கொழுந்து பறித்தவளுடையது, நிறுத்த பிறகுதான் தோட்டத்துடையது. அதனால் சம்பலுக்கு எடுப்பதை எப்போதும் நிறுவைக்கு முன்னாலேயே எடுத்துவிடுவார்கள். எடை குறைந்தால் எடுத்தவளுக்குத்தான் நட்டம். இதைவிட நேர்மையான கணக்கை நான் படித்த எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. ஆனால் ஒருநாள் மழை வரும்போல இருந்ததால் சாப்பாட்டுக்கு முன்னாலேயே நிறுத்துவிட்டார்கள். பெரியம்மா பேச்சு மும்முரத்தில் பழக்கதோஷத்தால் கையை நீட்டி, தான் பறித்துக் கொட்டிய சாக்கிலிருந்தே ஒரு பிடி எடுத்துவிட்டார். வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை பார்த்துவிட்டார்.

மறுநாள் விடியற்காலையில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் கூடுகிற பெரட்டுக் களத்தில், பெரியம்மாவை மட்டும் தனியாக நிறுத்தினார்கள். அங்கிருந்து தோட்டத்துப் பெரிய அதிகாரியான துரையின் பங்களாவுக்குக் கூட்டிப்போனார்கள். சாட்சிக்கு மடியில் அந்த ஒரு பிடி கொழுந்தோடு, துரை காலைச் சாப்பாட்டை முடித்து வரும்வரை பின்வாசலில் நிற்க வைத்தார்கள். உள்ளே முட்டை பொரிக்கிற வாசனை வந்ததாம். துரை வந்து பார்த்தார், கள்ளி என்று தமிழிலேயே சொன்னார், போய்விட்டார். அந்த மனுஷனுக்கு எங்கள் மொழியில் எத்தனை வார்த்தை தெரியுமோ, அது தெரிந்திருந்தது.

அந்த வார்த்தை லயத்துக்குப் பெரியம்மாவுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. கொழுந்துக்கள்ளி என்பது பெரியம்மாவின் பேராகவே ஆனது. பள்ளிக்கூடத்தில் என்னைக் கொழுந்துக்கள்ளி வீட்டுப் புள்ள என்றார்கள். சண்டை என்று வந்தால் முதலில் அதுதான் வாயில் வரும். அதன் பிறகு பெரியம்மா மலையில் தனியாக உட்கார்ந்து வெறும் ரொட்டியைத் தின்றார். வீட்டிலும் சம்பலைத் தொடவில்லை. யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். ஒரு பிடி இலைக்கு ஒரு மனுஷியின் ஆயுசு முழுவதையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். இதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

இப்போது அந்தத் துரை பங்களா ஹோட்டலாகிவிட்டது. காணொளியில் வந்த வெள்ளைத் தட்டும் அங்கே எடுத்ததுதான். விருந்தாளிகள் முன்னால் சம்பலைச் செய்துகாட்ட வயதான தோட்டத்து அம்மா ஒருவர் வேண்டும் என்று போன மாதம் லயத்துக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். வந்தவருக்கு யாரோ பெரியம்மா வீட்டைக் காட்டிவிட்டார்கள். போகவே கூடாது என்று நான் கத்தினேன். பெரியம்மா இருக்கிறதிலேயே நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, இங்கிலீஷ் பேச நீயும் வா என்றார்.

முன்வாசல் வழியாகவே உள்ளே போனோம். மேசைமேல் கொழுந்து, வெங்காயம், தேசிக்காய் எல்லாம் தயாராக இருந்தன. பெரியம்மாவின் கைக்கு எதுவும் மறந்திருக்கவில்லை. வெள்ளைக்காரர்கள் வளைத்து வளைத்துப் படம் எடுத்தார்கள். ஆளுக்கொரு கரண்டி தின்றுவிட்டு ஆச்சரியம் என்றார்கள், வினோதம் என்றார்கள். மேனேஜர் கொழும்புப் பையன், மரியாதையாகத்தான் பேசினார். அந்தக் காலத்து ஆட்களின் ஆரோக்கிய ரகசியம் இதுதான் என்று அம்மாவை இரண்டு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள் என்றார்.

பெரியம்மா கையைத் துடைத்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, யாரும் சொல்லாமலே உட்கார்ந்தார்.

“ரகசியம் எல்லாம் ஒண்ணுமில்ல. பசிச்சுச்சு, தின்னோம். இதத் தின்னதுக்கு இதே வீட்டுல என்னய கள்ளின்னு சொன்னாங்க. அத அப்படியே சொல்லு புள்ள.”

ஒரு வார்த்தையும் விடாமல் சொன்னேன். கரண்டிகள் நின்றன. அம்மா வேடிக்கையாகப் பேசுகிறார் என்று மேனேஜர் அவசரமாகச் சிரித்தார். இல்லை, வேடிக்கை இல்லை என்று அதையும் நானே இங்கிலீஷில் சொன்னேன். ஒரு பெண்மணி, அப்படிச் சொன்னவர் பிறகு மன்னிப்புக் கேட்டாரா என்றார். அதைப் பெரியம்மாவிடம் கேட்டேன்.

“அவரு செத்துட்டாரு. வீடு இருக்குதானே. இப்ப யாரு பெரியவரோ அவரு சொல்லட்டும், நான் கள்ளி இல்லன்னு.”

அதையும் இங்கிலீஷில் சொன்னேன். எல்லோரும் மேனேஜரைப் பார்த்தார்கள். அவர் என் பக்கம் குனிந்து, அம்மாவைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் ஒரு தேநீர் கொடுங்கள் என்று மெதுவாகச் சிங்களத்தில் சொன்னார். அது பெரியம்மாவுக்கும் விளங்கியது. அவர் எழுந்திருக்கவில்லை.

“அன்னைக்கு அவரு சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நின்னேன் புள்ள. இவுங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் உக்காந்திருக்கேன்னு சொல்லு.”