ஜெபத்தில் சொன்னதைக் கேட்கக் கூடாது

ஜெபம் முடிந்தபின் அதில் சொன்னதைப் பற்றி யாரும் யாரையும் கேட்கக் கூடாது என்று தன் வீட்டில் சட்டம் போட்டவர் லிஃப்ட் மெக்கானிக்தான். கடைசியில் அந்தச் சட்டத்தில் அவரே வசமாக மாட்டிக்கொண்டார்.

பத்தாவதோடு படிப்பு நின்றுபோனாலும் வேலையில் அவரை அசைக்க ஆள் கிடையாது. எந்தப் பழுதையும் ஊகித்துச் சொல்ல மாட்டார். கதவு, பூட்டு, கம்பிவடம், மோட்டார் என்று வரிசையாகப் பார்த்து, குறித்துக்கொண்டுதான் வாய் திறப்பார். கம்பெனியில் அவருக்கு ‘நிதானம்’ என்றே பெயர். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கைபட்ட லிஃப்ட் ஒன்றுகூட மறுவாரம் நின்றதில்லை.

சபையில் தம்பதிகளுக்காக நடந்த கூட்டத்தில் போதகர் வேதத்திலிருந்து சொன்னதையும் அப்படித்தான் குறித்துவந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். வீட்டார் கூடி ஜெபிக்க வேண்டும். கோபத்தோடு பொழுது சாயக் கூடாது. கணவனே வீட்டுக்குத் தலை. ஒருவருக்கொருவர் பணிந்து நடக்க வேண்டும். மொத்தம் ஒன்பது வரி.

முதல் வாரமே தகராறு. சீருடை தைக்கும் ஆலையில் வேலை பார்க்கும் அவர் மனைவி கண்ணை மூடிக்கொண்டு, “ஆண்டவரே, ஈரத் துண்டைக் கட்டில்மேல போடுறவங்களுக்கு நல்ல புத்தி கொடும்” என்றார். இவர் விடுவாரா? “இன்னொரு டீ கேட்டா முறைக்கிறவங்களை மன்னியும் ஆண்டவரே.” கல்லூரியில் படிக்கும் மகள் ஜெபத்தின் நடுவிலேயே சிரித்துவிட்டாள். ஆமென் சொன்ன கையோடு சண்டை மூண்டது. அன்றைக்குப் போட்டதுதான் அந்தச் சட்டம்.

இந்தச் செவ்வாய்க்கிழமை மனைவி வேறு மாதிரி ஜெபித்தார்.

“நான் எடுத்த முடிவை இவர்கிட்ட சொல்ல எனக்குத் தைரியம் கொடும் ஆண்டவரே.”

ஆமென் சொல்லி எழுந்தவர், “சாப்பிட எடுத்து வைக்கட்டுமா?” என்று ஒன்றுமே நடக்காத மாதிரி கேட்டார். மெக்கானிக் கேட்க வாயெடுத்து, தன் சட்டம் நினைவுக்கு வந்து, தட்டை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ஏழாவது மாடியில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்திருந்தார். வயரிங் பார்க்கும் மூத்தவர் கீழிருந்து குரல் கொடுத்தார்.

“என்னப்பா நிதானம், அரை மணியா அந்த ஸ்க்ரூவையே முறைச்சிட்டிருக்கே? அது என்ன பாவம் பண்ணுச்சு?”

“வீட்டுல ஏதோ முடிவு எடுத்திருக்காளாம்ணே. கடவுள்கிட்ட சொல்லிட்டா. என்கிட்ட சொல்லல.”

“சரிதான், மேலிடத்துக்கே ஃபைல் போயிடுச்சா!”

“விளையாடாதீங்கண்ணே. என்னை விட்டுட்டு அவ அக்கா வீட்டுக்குப் போயிடுவாளோன்னு பயமா இருக்கு.”

“கேட்டுத் தொலையேன்.”

“கேட்கக் கூடாதுன்னு சொன்னதே நான்தானே.”

“போ, நல்லா போட்டே சட்டம்!”

வீட்டுக்கு வந்ததும் வேலையில் பார்ப்பது போலவே ஒவ்வொன்றாகப் பார்த்தார். பரண்மேல் பெட்டி அப்படியே இருந்தது. துணிமணி குறையவில்லை. ஆனால் செருப்பு ராக்கில் மனைவி அளவில் புதுக் கறுப்பு ஷூ. கோபித்துக்கொண்டு போகிறவள் ஷூ வாங்குவாளா? வாங்கினாலும் வாங்குவாள். ஃபிரிட்ஜ் கதவைப் போய்ப் படித்தார். தலை என்றால் அதட்டிக் கேட்கலாம். பணிவு என்றால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். இரண்டும் அடுத்தடுத்த வரியில், அவர் கையெழுத்திலேயே இருந்தன. போதகருக்குப் போன் போட்டால், “ரெண்டும்தான் பிரதர்” என்று ஆசீர்வதித்துப் போனை வைத்துவிட்டார்.

மாலை ஜெபத்தில் மெக்கானிக்கின் முறை வந்தது. சட்டத்தை மீறாமல் கேட்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான்.

“ஆண்டவரே, அந்த முடிவு என்னன்னு எனக்கும் தெரியப்படுத்தும். நானும் இங்கதான் உட்கார்ந்திருக்கேன்.”

மனைவியும் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார்.

“இவர் கத்த மாட்டேன்னு சொல்லட்டும் ஆண்டவரே.”

“கத்த மாட்டேன் ஆண்டவரே.”

“ஆண்டவரே, நாளைக்கு எனக்குப் பரீட்சை. இவங்க ரெண்டு பேரும் நேரா பேசிக்கட்டும். ஆமென்” என்று மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வேறு வழியில்லாமல் இருவரும் கண்ணைத் திறந்தார்கள்.

“வெளியூர்ல புது ஆலை திறக்கிறாங்க” என்றார் மனைவி. “என்னை சூப்பர்வைசரா கூப்பிட்டாங்க. ஆறு மாசம் அங்கேயே தங்கணும். சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேங்க. வேலைக்குன்னு ஷூகூட வாங்கிட்டேன்.”

“என்னைக் கேட்காமலா?”

“உங்களைக் கேட்டா மூணு மாசம் ஆராய்வீங்க. அவங்க ரெண்டு நாள்தான் கொடுத்தாங்க.”

அக்கா வீட்டுக்குப் போகவில்லை என்ற நிம்மதி முதலில் வந்தது. அது முழுசாக வந்து சேருமுன் ஆத்திரம் வந்தது. சூப்பர்வைசர் என்ற வார்த்தையில் கொஞ்சம் பெருமையும் எட்டிப் பார்த்தது. மூன்றில் எது தன்னுடையது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

“எனக்கு ஒண்ணும் புரியலம்மா. போன்னு சொல்ல வாய் வரல. போகாதேன்னும் வரல. கோபம் மட்டும் இருக்கு. கத்தல, ஆனா இருக்கு.”

“இருக்கட்டும்” என்று மனைவி நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். “என்கிட்டயே சொல்லுங்க. நான் கேட்டுக்கிறேன்.”

மெக்கானிக், பழுது பார்ப்பது போலவே ஒவ்வொன்றாகத் தொடங்கினார். “அங்க தங்குற இடத்துல ஒரு ரூமுக்கு எத்தனை பேர்?” என்றார்.