சிவந்த கண்ணும் சொல்லாத வயிறும்

மட்டாஞ்சேரியில் ஒரு கண் கிளினிக்கில் நர்ஸாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காகச் செல்வியைப் பற்றி எழுதுகிறேன்.

ஒரு காலை, கிளினிக்கைத் திறந்ததுமே அவள் வந்தாள். இடது கண்ணை முந்தானையால் பொத்தியிருந்தாள். தென்காசிப் பக்கம் ஊர். இங்கே பஜாரில் ஒரு சுக்குக் குடோனில் தரம் பிரிக்கும் வேலை.

“வெளிச்சத்தப் பாத்தாலே ஊசி குத்துது சிஸ்டர். இப்ப மங்கலாவும் இருக்கு.”

அந்தக் கண் அதற்கு முன்பும் பலமுறை சிவந்திருக்கிறது. சுக்குத் தூசி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மெடிக்கல் ஷாப் சொட்டு மருந்திலேயே காலத்தை ஓட்டியிருக்கிறாள்.

எங்கள் டாக்டர் மலையாளி. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப்பில் வெகுநேரம் பார்த்தார். “இது தூசி அல்ல. யுவைடிஸ். கண்ணுக்கு உள்ளே வீக்கம். செல்வி, மூட்டு வலி உண்டோ? வயிறு எப்படி?”

“கண்ணுக்குத்தான வந்தேன்” என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் கதவைச் சாத்திய பிறகு மெதுவாகச் சொன்னாள். ரொம்ப நாளாக வயிற்றுப்போக்கு. கூடவே ரத்தம். கணவனிடம்கூடச் சொல்லவில்லை. குடோன் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும், “உனக்குச் சுக்கு பொறுக்குறது ஜோலியா, கக்கூஸ்ல இருக்குறது ஜோலியா?” என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து காலையில் சாப்பிடாமலே வேலைக்குப் போயிருக்கிறாள்.

குடலில் நெடுநாள் அழற்சி இருந்தால் சிலருக்கு அது கண்ணிலும் வரும் என்று டாக்டர் விளக்கினார். எறணாகுளம் ஆஸ்பத்திரியில் உள்ளே குழாய் விட்டுப் பார்த்ததில் குடல் நெடுகப் புண். அதற்கு வைத்தியம் தொடங்கியது. வலது கண் தப்பியது. இடது கண்ணில் பிரஷர் ஏறி, நரம்பு ஏற்கெனவே செத்துப்போயிருந்தது.

உடம்பு தேறியதும் வேலையைத் திரும்பக் கேட்க அவளோடு நானும் குடோனுக்குப் போனேன்.

“கண்ணு போச்சுன்னு கேட்டப்ப சங்கடமா இருந்தது சிஸ்டர்” என்றார் சூப்பர்வைசர், பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக. “பட்சே வயிற்று நோய் அல்லே? சுக்கு ஆளுங்க சாப்பிடுற சாதனம்.”

“இது ஒட்டுற நோய் இல்லைங்க” என்றேன்.

“எனக்கு அறியாம், தெரியும். மத்தவங்க சம்மதிக்கணுமே.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் குனிந்தபடி சுக்கைப் பொறுக்கிக்கொண்டே இருந்தார்கள்.

வேலை கிடைக்காமல் வெளியே வந்ததும் செல்வி சொன்னாள்: “கண்ணுன்னா பாவங்கிறாங்க. வயிறுன்னா மூக்கப் பொத்துறாங்க. அதான் நான் யாருகிட்டயும் சொல்லல.”



கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசுகிறது என்று திரும்பத் திரும்ப ஒருவர் வந்தால் வயிற்றையும் விசாரியுங்கள். கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள். சிலர் கோபப்படுவார்கள், படட்டும். கேட்க ஆள் இல்லாமல்தான் செல்விக்கு ஒரு கண் போனது.