பெரிய டிஷ்ஷுக்கு வழி விடுங்க

1. உரசல்

நடுக்கடலில் எங்கள் டிஷ் எதிலோ உரசி நின்றபோது நான் கப்பலின் மேல்தளத்தில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கடலே இல்லாத அன்னூரிலிருந்து வந்த எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. ‘கிர்ர்ர்’ என்று சத்தம் கேட்டதும் குமட்டல் போன இடம் தெரியவில்லை.

அது ஏவுகணைச் சோதனைகளைக் கண்காணிக்கும் கப்பல். கரையிலிருந்து ஏவுகணை கிளம்பும். இந்தக் கப்பல் அது விழும் இடத்துக்கு அருகே போய் நிற்கும். ஏவுகணை கீழே இறங்கும்போது கரையில் உள்ள நிலையங்களுக்கு சிக்னல் எட்டாது. கடைசி நேரத் தகவலைக் கப்பலின் ஆன்டெனாதான் பிடிக்க வேண்டும். பழைய ஆன்டெனாவை இறக்கிவிட்டு, அதைவிடப் பெரிய டிஷ்ஷை ஏற்றியிருந்தார்கள். அதைத் தாங்கித் திருப்பும் பெடஸ்டல் என்ற பீடமும் கியர்பாக்ஸும் எங்கள் கோயம்புத்தூர் கம்பெனி செய்தவை. சர்வீஸ் இன்ஜினியரான என்னையும் சீனியர் ஃபிட்டர் துரைசாமி அண்ணனையும் கப்பலில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள்.

துறைமுகத்தில் டிஷ்ஷைச் சுழற்றிப் பார்த்தபோது எல்லாம் வெண்ணெய் மாதிரி ஓடியது. மறுநாள் காலை லாஞ்ச் என்ற நிலையில் இப்படி.

2. குற்றவாளி

அண்ணன் பெடஸ்டல் மேல் ஏறிப் பார்த்தார்.

“கண்ணு, கியர்ல ஒண்ணுமில்லீங்க. டிஷ்ஷு விளிம்பு நசுங்கியிருக்குது. இங்க வந்து பாருங்க, எதுல முட்டியிருக்குதுன்னு!”

கைப்பிடிக் கம்பியை ஒட்டி ஒரு இரும்புக் குழாய் நின்றது. அதன் உச்சியில் வீட்டு மொட்டைமாடியில் இருப்பது போன்ற சின்ன டிவி டிஷ். பழைய ஆன்டெனா இறங்கிய இடைவெளியில், துறைமுகத்தில் நிற்கும்போது கிரிக்கெட் பார்ப்பதற்காக மாலுமிகள் குழாயை வெல்டு வைத்து மாட்டியிருக்கிறார்கள். எங்கள் வரைபடத்தில் அது இல்லை.

துறைமுகத்தில் ஏன் இடிக்கவில்லை? அங்கே கப்பல் சாயாது. கடலில் கப்பல் ஒரு பக்கம் தூக்கும்போது, தொடுவானத்தைப் பார்க்க டிஷ் வழக்கத்தைவிட இன்னும் கீழே குனிய வேண்டும். அப்படிக் குனிந்தபோதுதான் முட்டியிருக்கிறது.

“மேட்சு பாக்கறதுக்கு எங்க டிஷ்ஷுத் தலைய முட்ட வெச்சுப்போட்டீங்களே!” என்றார் அண்ணன். தமிழ் தெரியாத மாலுமிகளுக்கும் அது நன்றாகவே புரிந்தது.

கப்பலின் எலெக்ட்ரானிக்ஸ் அதிகாரி தூத்துக்குடிக்காரர். சுற்றி வளைத்துப் பேசமாட்டார்.

“மேடம், நாளைக்குக் காலையில ரெடியா, இல்லையா? சாயங்காலத்துக்குள்ள நான் கரைக்குச் சொல்லியாகணும். இல்லன்னா லாஞ்ச்சைத் தள்ளி வச்சிருவாங்க.”

3. போன்

சாட்டிலைட் போனில் எங்கள் முதலாளியைப் பிடித்து நடந்ததைச் சொன்னேன்.

“அம்மணி, எதுக்குங்க ரிஸ்க்கு? அந்தப் பக்கம் மட்டும் கீழ எறங்காம சாப்ட்வேர்ல லிமிட் போட்டுட்டு, ரெடின்னு சொல்லிப்போடுங்க.”

அவர் பேச்சை நான் அதுவரை மறுத்ததில்லை.

“சார், ஏவுகணை வந்து விழறதே அந்தப் பக்கந்தானுங்க. அப்பக் குனியலீன்னா டிஷ்ஷு எதுக்குங்க? குழாயை அறுத்துப்போட்டு மறுபடி ஓட்டிப் பாக்கறேனுங்க. சரியா வரலீன்னா, ரெடி இல்லைன்னு நானே சொல்லிப்போடறேனுங்க.”

“சரிங்க. பாத்துச் செய்யுங்க,” என்றார்.

4. அறுவை

பக்கத்திலேயே ரிசீவர் கேபிள்கள் ஓடின. இரும்பு வெட்டும் கிரைண்டர் மிஷினை வைத்தால் தீப்பொறி பறக்கும். ஆக்ஸா பிளேடு என்ற இரும்பறுக்கும் ரம்பத்தால் கையாலேயே அறுத்தோம். தளம் ஆட ஆட பிளேடு முறிந்தது. வேறு பிளேடு போட்டோம். குழாயை நட்ட மாலுமிகளே முறை வைத்து வந்து அறுத்தார்கள். நசுங்கிய விளிம்பை அண்ணன் மரச்சுத்தியால் தட்டி, அளவு பார்த்து, மறுபடி தட்டினார்.

கப்பல் நன்றாகச் சாயும் வரை காத்திருந்து டிஷ்ஷை ஓட்டினேன். குனிந்தது. உரசவில்லை. எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகுதான் அதிகாரியிடம் போய், “ரெடி சார்” என்றேன்.

அண்ணன் அதற்குள் டிவி டிஷ்ஷை எங்கள் டிஷ்ஷுக்கு எட்டாத வேறொரு மூலையில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். “பாவமுங்க, கரைக்குப் போனா மேட்சு பாக்கட்டும்.”

5. காலை

லாஞ்ச் நேரத்தில் சிக்னலைக் கண்காணிக்கும் கேபினில் ஒரு ஓரமாக நிற்க எங்களுக்கு அனுமதி. நான் ஏவுகணையைப் பார்க்கவே இல்லை. கேமரா திரையில் எங்கள் டிஷ்ஷை மட்டும் பார்த்தேன். மேலே ஏவுகணையின் சிக்னலைப் பிடித்துக்கொண்டது. மெல்லத் திரும்பியது. பிறகு கீழே, இன்னும் கீழே. குழாய் இருந்த இடத்தைத் தாண்டும்போது அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். சிக்னல் கடைசி வரை அறுபடவில்லை. கேபினே கைதட்டியது.

புதிய ஆன்டெனா ஏற்றப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வரைபடத்தோடு நிறுத்தாதீர்கள். டெக்கை ஒரு சுற்றுச் சுற்றி, பழையதை இறக்கிய பிறகு யார் என்ன மாட்டினார்கள் என்று கேளுங்கள். கடலில் கப்பல் சாயும்போதும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். அதையெல்லாம் செய்து முடிக்கும்வரை, யார் கேட்டாலும் “ரெடி” என்று சொல்லாதீர்கள்.