இரண்டாவது முறை எடுத்த இரத்தம்

அந்தக் காலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

துறைமுகத்தில் வேலை செய்யும் என் கணவருக்குத் திடீரென்று நெஞ்சு இறுகியது. உடனே ஆட்டோ பிடித்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனேன். முதல் இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. அவ்வளவுதான், கூட வந்த என் அண்ணா, அன்புவழிபுரத்தில் இருக்கும் சொந்தக்காரர் எல்லோருக்கும் போன் எடுத்து, “ஒண்டுமில்லை, வாய்வுதான்” என்று சொல்லிவிட்டார்.

பிறகு வீட்டுக்கு அனுப்பும் துண்டு கேட்டுத் தாதியிடம் போனார். “மிஸ்ஸி, துண்டு வெட்டித் தாங்கோ, வீட்ட போவம்.”

“ஏலாது ஐயா. மாரடைப்பு எண்டாலும் இரத்தத்தில காட்ட நேரம் எடுக்கும். இன்னொருக்கா எடுத்துப் பாக்கோணும்.”

“எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். இனி என்னெண்டு மாத்திச் சொல்றது?”

என் கணவரும் கட்டிலை விட்டு இறங்கினார். பரிசோதனைக்காகக் கழற்றியிருந்த சட்டையை அவர் எடுக்க, நான் அதைப் பறித்து, கதிரையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

“வெறும் மேலோட போறதெண்டா போங்கோ.”

போகவில்லை. இரண்டாவது பரிசோதனையில் மாரடைப்பு என்று தெரிந்தது.

இப்போது நலம் விசாரிக்க வீட்டுக்கு வருகிறவர்களிடம் அண்ணா சொல்கிறார்: “நான்தான் மச்சானைப் போக விடேல்லை.” என் கணவரும் ஓம் என்று தலையாட்டுகிறார்.

உயிரோடு இருக்கிறாரே, அது போதும் என்றுதான் பேசாமல் தேத்தண்ணீர் கொடுக்கிறேன். ஆனால் நான் உட்கார்ந்ததில் கசங்கிய அந்தச் சட்டையை மட்டும் நான் அயர்ன் பண்ணப் போவதில்லை.