கடலுக்கு ஒரு கேட் பாஸ்

கடலையே பார்க்காமல் வகுப்பில் கடலைப் பற்றி அதிகம் அளந்தவள் நான்தான். காரணம் என் மாமா, அம்மாவின் தம்பி. சரக்குக் கப்பலில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓசூர் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. விடுமுறை கிடைத்தால் மாமா எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். நான் நாலாம் வகுப்பு படித்தபோது சாக்லேட்டோடு ஒரு காலிப் பிளாஸ்டிக் குழாயும் கொண்டுவந்தார். அதில் பென்சில்களைப் போட்டுக்கொண்டு போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

அந்த விடுமுறையில் மாமாவுக்குப் பெண் பார்க்க வேண்டியிருந்தது. முன்பு வந்த இடங்களெல்லாம், "வருஷத்துல பாதி தண்ணியிலயா?" என்று நழுவியிருந்தன. மாமாவோ அடுத்த வாரம் கப்பலேற வேண்டும். பர்கூரில் ஓர் இடம் அமைந்தது. பெண்ணுக்கு மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிற வேலை. அவள் அப்பா ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். பஸ் ஏறும் முன்பே அம்மா அப்பாவிடம் உத்தரவு போட்டாள்: "அங்க வந்து கடல்னு வாயத் தொறக்கக் கூடாது, கேட்டியளா?"

கேசரி வரும்வரைகூட அப்பாவால் தாங்க முடியவில்லை. என் குழாயைப் பிடுங்கி நீட்டினார். "என் மச்சினன் சும்மா சரக்கு மட்டும் ஏத்தலைங்க, கடலையே ஆராய்ச்சி பண்ணுதான். இதுக்குள்ள ஒரு கருவி இருக்கும். கடல்ல போட்டா ஆழத்துல எவ்வளவு சூடுன்னு சொல்லிரும்."

பெண்ணின் அப்பா குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கருவிய எப்ப மேல எடுப்பீங்க?"

"எடுக்க மாட்டோம் சார்," என்றார் மாமா. "அடியிலயே போயிரும்."

பெண்ணின் அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. ஒரு ட்ரில் பிட் வெளியே போனால்கூட, திரும்பி வருமா வராதா என்று கேட் பாஸில் குறித்தே தலை நரைத்தவர் அவர். "ஏம்பா, நல்ல பொருளத் தூக்கித் தண்ணியில போட்றீங்களா? நாங்க போட்டா மெமோ குடுத்து ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க."

அப்பா மட்டும் சிரித்தார். அம்மா பார்த்த பார்வையில் அதுவும் நின்றது.

"இதுக்குன்னு தனிக் கப்பல் விட்டா கட்டுப்படியாகாது சார்," என்றார் மாமா, காதுவரை சிவந்து. "நாங்க எப்படியும் அதே வழியில திரும்பத் திரும்பப் போறோம். அதான் ஆராய்ச்சிக்காரங்க எங்ககிட்ட குடுத்து விடுதாங்க. வருஷா வருஷம் ஒரே வழியில பாத்தாத்தான கடல் சூடாகுதான்னு தெரியும்?"

பெண்ணின் அப்பா குழாயைக் கீழே வைத்துவிட்டார். வெற்றிலைத் தட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்போதுதான் கதவோரம் நின்ற பெண் கேட்டாள். "மேலயே வராதுன்னா, சூடு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"செம்புக் கம்பி வழியா. முடி மாதிரி மெல்லிசு."

"முடி மாதிரியா?" அவள் கூடத்துக்கே வந்துவிட்டாள். "எங்க மிஷின்ல லேசா இழுத்தாலே அறுந்துடுது. கப்பல் ஒரு பக்கம் ஓடுது, அது ஒரு பக்கம் எறங்குது. எப்படிங்க தாங்குது?"

உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டி, அவள் அப்பா அந்த எல்லைப் பக்கத்துத் தெலுங்கில் ஏதோ சொன்னார். அவள் தெலுங்கிலேயே ஏதோ பதில் சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள்.

மாமா என் பென்சில்களைக் கீழே கொட்டினார். ஒரு கையில் கப்பலாகக் குழாய், மறு கையில் கருவியாகத் தட்டிலிருந்த வாழைப்பழம். "கப்பல் பக்கம் ஒரு சுருள், கருவிக்குள்ள ஒரு சுருள். ரெண்டு பக்கமும் கம்பி அவிழ்ந்துக்கிட்டே இருக்கும். எந்தப் பக்கமும் இழுக்கிறதில்ல. அதான் அறுந்து போகாது."

வாழைப்பழம் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்குவதை அவள் குனிந்து பார்த்தாள். பிறகு கம்பியின் கனம், சுருளின் அளவு என்று கேள்வி மேல் கேள்வி. கேசரி ஆறிப்போனது. ஒரு கம்பியைப் பற்றி இவ்வளவு நேரமா என்று நான் கொட்டாவி விட்டேன்.

கிளம்பும்போது மாமா அந்தக் குழாயை அவளிடமே கொடுத்துவிட்டார். பெண்ணின் அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்: "இது திரும்பி வர்ற ஐட்டமா, வராததா?"

"வராதது சார்."

"அப்ப கேட் பாஸ் போட்டுடலாம்," என்று வெற்றிலைத் தட்டை எடுத்து அம்மா பக்கம் நீட்டினார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் ஓவென்று அழுதேன். நாலு வழிச் சாலைக்காகத் தோண்டிப்போட்ட நெடுஞ்சாலையில் பஸ் குலுங்கக் குலுங்க, பென்சில்களைக் கையில் பொத்திக்கொண்டு, என் குழாய் போனதற்கு இவர்களுக்கு ஏன் இத்தனை சந்தோஷம் என்று சூளகிரி தாண்டும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.