கொதிகலன் கோஸ்டாகே முதலாளி ஆன விதம்

புதுத் தொழில் தொடங்குவோருக்காக எங்கள் பல்கலைக்கழகம் கட்டிய புதுமைப் பூங்காவில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: நிறுவனங்கள். கண்ணாடிச் சுவர், பச்சை சோபா, காபி இயந்திரம் எல்லாம் வந்தாயிற்று. திறப்பு விழாவில் பாதிரியார் துளசிக் கொத்தை முக்கிக் கணினிகளுக்கும் புனித நீர் தெளித்தார். இரண்டு கணினிகள் அன்றே பரலோகம் போயின. மானியம் கொடுத்த ஐரோப்பிய ஒன்றியத்து பிரசெல்ஸ்காரர்கள் பார்வையிட வருவதாகச் சேதி வந்ததும், துணை ரெக்டர் ஸ்ட்ராட்டுலத் நேரே கொதிகலன் அறைக்கு இறங்கினார்.

அங்கே கோஸ்டாகே. வகுப்பறைகளுக்குச் சூடு அனுப்புகிறவர். மனைவி மக்கள் இல்லை. வசந்தத்தில் வரப்போகும் ஓய்வூதியம்தான் அவருக்குக் குடும்பம்.

"கோஸ்டாகே அண்ணே, உங்க பேர்ல ஒரு கம்பெனி. சும்மா ஒரு கையெழுத்து."

"எனக்கு எதுக்குய்யா கம்பெனி? பேராசிரியருங்க இருக்காங்களே?"

"அவங்களுக்குத் தைரியம் இல்லண்ணே. உங்க பென்ஷனுக்கு ஒண்ணும் ஆகாது. எங்கம்மா மேல சத்தியம்!"

அந்த அம்மாளின் சவப்பெட்டிக்கு முன்னால் சிலுவை தூக்கிப் போனவரே கோஸ்டாகேதான். இருந்தும் கையெழுத்துப் போட்டார்.

பிரசெல்ஸ் விருந்தினர்கள் கேள்வி கேட்டதும் பயத்தில் கோஸ்டாகேவின் வாய் தானாகத் திறந்துகொண்டது. தன் கம்பெனி செய்வது குழாய்க் கசிவைக் காதால் கண்டுபிடிக்கும் கருவி என்று அளந்தார். காதில் கைவைத்து, குழாய் மாதிரியே முனகியும் காட்டினார். பிரசெல்ஸ் அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. பல்கலைக்கழகம் ஊரை வளர்ப்பதற்கு இவரே சான்று என்று அறிக்கையில் எழுதினாள்.

பூங்காவில் நிறுவனம் வைத்திருப்பவர் பல்கலைக்கழகச் சம்பளம் வாங்கக்கூடாது. விதியை எழுதியவர் ஸ்ட்ராட்டுலத்தேதான். பேராசிரியர்கள் அதைப் படித்திருந்தார்கள். கோஸ்டாகேவுக்குப் பிளம் சாராயம் ஊற்றிக் கொடுத்து, கைதட்டி வேலையிலிருந்து வழியனுப்பினார்கள்.

"இன்னும் சில மாசந்தானேய்யா, என் பென்ஷன்?"

"முதலாளிக்கு எதுக்குண்ணே பென்ஷன்!" என்றார் ஸ்ட்ராட்டுலத்.

"அப்போ கம்பெனிய மூடிடறேன்."

"அஞ்சு வருஷத்துக்குள்ள மூடினா மானியத்த நீங்கதான் திருப்பிக் கட்டணும். கையெழுத்து உங்களது."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார், மரியாதைக்கு.

ஜனவரியில் கொதிகலன் படுத்துவிட்டது. மாணவர்கள் கோட்டோடு பாடம் கேட்டார்கள். இப்போதாவது கூப்பிட்டுக்கொள்வார்கள், பென்ஷனுக்கு விட்டுப்போன மாதங்களை முடித்துவிடலாம் என்று கோஸ்டாகே ஸ்பேனர்களை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழக வாசலுக்கு வந்தார். காவலாளி மித்ரோஃபான் எழுந்திருக்கவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் ஆள் உயர விளம்பரப் படத்தில் காதில் கைவைத்தபடி கோஸ்டாகே சிரித்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி, பாஸ் இருக்கா?"

"உள்ள விடுடா. ஒரு நிமிஷத்துல சூடாக்கிடறேன்."

"ஐயோ அண்ணே, உங்கள உள்ள விட்டா என்னையும் முதலாளி ஆக்கிடுவாங்க."