பதினேழாவது பெயர் கௌஸ் மொய்தீன்

பெங்களூர் மில் ஒன்று தன் கால்பந்து அணிக்கு ஓசூரிலிருந்து ஆள் எடுக்கிறது என்று டீக்கடைச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். பதினேழு பெயர்கள், வரிசை எண்ணோடு. முதல் ஆறு பேருக்கு மில்லில் நிரந்தர வேலை, அணியில் இடம். மற்றவர்களை, காலியிடம் வந்தால் கூப்பிடுவார்களாம். 1956, ராகி அறுவடை நேரம்.

கௌஸ் மொய்தீனுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. கூட்டாளி முனிவேல் விரல் வைத்துப் படித்தான். முதல் பெயர் முனிவேல். இரண்டாவது வெங்கடப்பன். விரல் ஆறைத் தாண்டியது, பத்தைத் தாண்டியது, கடைசி வரியில் போய் நின்றது.

"பதினேழு," என்றான் முனிவேல், சுவரைப் பார்த்தபடியே.

"மறுக்கா படி."

"எத்தன தடவ படிச்சாலும் அதேதான் கௌசு."

கௌஸ் வீட்டுக்கு நடந்தான். விஷயத்தைக் கேட்ட அவன் மனைவி தாஹிரா கரண்டியை அப்படியே சட்டிக்குள் போட்டாள். "அத எழுதுனவனுக்குக் கண்ணு முதுகுலயா இருந்துச்சு?"

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. கௌசுக்கு இருபத்தேழு வயது. பெங்களூர் ரோட்டில் மாட்டுக்கு லாடம் அடிக்கிறவன். ஒரு நாளைக்குப் பத்து மாட்டையாவது கயிறு போட்டுச் சாய்ப்பான். மாடு கனத்தை எந்தக் காலில் வைத்திருக்கிறது என்று பார்க்கத் தெரியாதவன் அந்தத் தொழிலில் உதை வாங்கியே சாக வேண்டியதுதான். மைதானத்திலும் அவன் அதையேதான் செய்தான். பந்தைப் பார்க்க மாட்டான். எதிரே வருகிறவனின் கால்களைப் பார்ப்பான். கனம் தாங்கி நிற்கிற காலைச் சட்டென்று யாராலும் தூக்க முடியாது. அந்தக் கால் ஓரமாகப் பந்தைத் தட்டிவிட்டு, வெறுங்காலில், அவசரமே இல்லாதவன் போலத் தாண்டிப் போய்விடுவான். உத்தனப்பள்ளியிலிருந்து ராயக்கோட்டை வரை அவனை நிறுத்திக் காட்டியவன் எவனும் இல்லை. அவனுக்கா பதினேழு?

தப்பு நடந்தது போன ஞாயிற்றுக்கிழமை. மில்லிலிருந்து நாராயணப்பன் என்பவர் ஆள் பார்க்க வந்திருந்தார். ஊர் மைதானத்தில் ஆள் பிரிப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. சமமான பலம் உள்ள இரண்டு பேர் ஜோடி சேர்ந்து, ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். "புளியா, கொள்ளா?" என்பார்கள். இரு பக்கத் தலைவர்களில் ஒருவன் ஒன்றைச் சொல்வான். அந்தப் பெயரை வைத்திருப்பவன் அவன் பக்கம், மற்றவன் எதிர்ப்பக்கம். பலசாலி ஜோடிதான் முதலில் வரும். கௌசுக்கு மட்டும் ஜோடி கிடையாது. அவனுக்குச் சமமாக நிற்க ஆள் இல்லை. அதனால் அவன் கடைசியில் தனியாக நிற்பான். கோல் விழுந்த பிறகு, தோற்கிற பக்கம் இறங்குவான். பல வருடமாக இப்படித்தான். சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

நாராயணப்பனுக்குத் தெரியாது. புளியமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தலைவர்களான முனிவேலையும் வெங்கடப்பனையும் முதலில் எழுதினார். பிறகு ஜோடிகள் வந்த வரிசைப்படி எழுதிக்கொண்டார். ஜோடி கிடைக்காமல் கடைசியில் நின்றவனைக் கடைசியில் எழுதினார். முதல் பாதியில் இரு பக்கமும் கோல் விழவில்லை. கௌஸ் கோட்டுக்கு வெளியே குந்திக்கொண்டிருந்தான். பாதி ஆட்டத்தில் பெங்களூர் பஸ் வந்தது, அவர் ஏறிப் போய்விட்டார். அடுத்த பத்தாவது நிமிடம் ஒரு கோல் விழுந்தது, கௌஸ் உள்ளே இறங்கினான். மூன்று கோல் போட்டான். பார்க்க வேண்டியவர் அத்திப்பள்ளியைத் தாண்டியிருப்பார்.

புதன்கிழமை கௌஸ் வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறினான். மில் வாசலில் இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகுதான் நாராயணப்பனைப் பார்க்க விட்டார்கள். மனிதர் நல்லவர்தான், பொறுமையாகக் கேட்டார். ஜோடி வழக்கத்தைக் கௌஸ் விளக்கியதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"நோடப்பா, இங்க பாரு, எனக்கும் சந்தேகம் வந்துச்சு. அந்தத் தனி ஆள் யாருன்னு உங்க முனிவேல்கிட்டயே கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"அவன் கடைசியில வருவான் சார், நீங்க எழுதிக்குங்கன்னான்."

முனிவேல் பொய் சொல்லவில்லை. பொய்யாவது சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம்.

"அந்த லிஸ்ட்ட எடுங்க சார். நான் சொல்றேன், யார் யாரு எங்க வரணும்னு. கோல் காக்குற திம்மப்பன ஒம்பதாவதா போட்டிருக்கீங்க. அவன் ரெண்டாவது. அவன் இல்லன்னா உங்க டீம் வாரத்துக்கு அஞ்சு கோல் வாங்கும். முனிவேல் நல்லா ஓடுவான், எடது காலு சும்மா நிக்கிறதுக்குத்தான். மூணாவதா போடுங்க. வெங்கடப்பன் ஏழு. அவனே ஒத்துக்குவான்."

"நீ?"

"ஒண்ணு."

நாராயணப்பன் சிரிக்கவில்லை. "இருக்கலாம். ஆனா லிஸ்ட்ல மேனேஜர் கையெழுத்தாகிப் போச்சு. இப்ப மாத்தினா, நீ பாதியில எழுந்து வந்துட்டியான்னு என்னைத்தான் கேப்பாங்க."

"பாதியில எழுந்துதான வந்தீங்க?"

அவர் காகிதங்களை அடுக்கினார். "பேர் லிஸ்ட்ல இருக்கட்டும்பா. ஒருத்தனுக்குக் கால் ஒடிஞ்சா, ரெண்டு பேர் வேலைய விட்டு நின்னுட்டா, எப்பவாவது உன் முறை வரும்."

"எங்க ஊர்ப் பசங்க கால் ஒடியட்டும்னு நான் அங்க உக்காந்து வேண்டிக்கணுமா? அடிங்க சார் என் பேர. என் கண்ணு முன்னால அடிங்க."

"பதினேழும் ஒரு இடந்தானப்பா."

"அது என் எடம் இல்ல."

நாராயணப்பன் பட்டியலை முன்னால் இழுத்தார். பிறகு ஸ்கேல் வைத்து ஒரே கோடாக அடித்தார். அந்தக் கோடு காய்கிறவரை கௌஸ் நின்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தான்.

சாயங்காலம் ஓசூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது முனிவேல் நின்றிருந்தான். திங்கட்கிழமை மில்லில் சேருவதற்காக முடி வெட்டியிருந்தான்.

"போயிருந்தியாமே. என்ன சொன்னாரு?"

"நீ சொன்னத சொன்னாரு."

"நான் ஒண்ணும் தப்பா சொல்லல கௌசு. வழக்கத்ததான சொன்னேன். அவருக்குப் புரியும்னு..."

"புரியலன்னு உனக்குத் தெரிஞ்சுதா, இல்லையா?"

லாரி ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போனது. முனிவேல் புதிதாக வெட்டிய முடியிலிருந்து புழுதியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"நீ கேட்டா நான் வேணாம்னே சொல்லிருப்பேன்டா. உனக்கு வேல வேணும்னு எனக்குத் தெரியாதா? நான் முன்னால வந்தா உன் எடம் போயிரும்னு, கேக்காம எடுத்துட்ட பாரு." கௌஸ் துண்டை உதறித் தோளில் போட்டான். "மில்லுல பதினேழாவது எடம் காலியா இருக்கு. உனக்குத் தெரிஞ்சவன் எவனாச்சும் இருந்தா அனுப்பி வை."

சொல்லிவிட்டு நடந்தான். பின்னால் முனிவேல் இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டான். கௌஸ் திரும்பவில்லை.